கேட்டலாக் செக்‌ஷனை மூடிட்டாங்க, இனி எனக்கு என்ன வேலை?

அன்புள்ள அக்கா,

வணக்கம். தண்டையார்பேட்டைலேர்ந்து எழுதறேன். வடசென்னைல ஒரு எய்டட் காலேஜ் லைப்ரரில டெக்னிக்கல் செக்‌ஷன்ல இருந்தேன். புக் ஆர்டர் போடறது, அக்சஷன் (ரிஜிஸ்டர்ல பதியறது), கிளாசிஃபிகேஷன் (பாடவாரியா நம்பர் போடறது), கேட்டலாக் (புக்கோட விவரத்த ரெக்கார்டா எழுதறது), லேபிள் ஒட்டறது எல்லாமே எங்க ரூம்லதான் நடக்கும். போன ஜூன்ல அந்த ரூமை ரீடிங் ஹால் ஆக்கிட்டு என்னை கவுன்ட்டர்ல போட்டுட்டாங்க. "ரெக்கார்டு எல்லாம் நெட்லயே கெடைக்குது, மிச்சத்த ஏஐ பண்ணிடும், கேட்டலாகர்னு தனியா ஆள் எதுக்கு"ன்னு மீட்டிங்ல சொன்னாங்க. அன்னிலேர்ந்து ராத்திரி தூக்கம் வரல. நீங்களும் இதே வேலைல இருந்து ரிட்டயர் ஆனவங்க, அதான் கேக்கறேன். நான் படிச்ச படிப்புக்கு இனி வேலை இருக்கா? தம்பி பொண்ணு பி.லிப் (நூலக அறிவியல் டிகிரி) சேரணும்ன்றா, வேணாம்னு சொல்லட்டுமா?

ஒரு லைப்ரரி அசிஸ்டன்ட்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேலை இருக்கும்மா. அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா தூக்கம் வரலன்னு நீங்க எழுதினதப் படிச்சதுலேர்ந்து எனக்கும் மனசு சரியில்ல. அந்த மேசைல ஒக்காந்து நீங்க பண்ணிட்டிருந்ததுல எது போச்சு, எது போகலன்னு பிரிச்சுப் பாத்துட்டா, அடுத்து மேனேஜ்மென்ட் கிட்ட என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

போனது காப்பி வேலை. ஒரே எகனாமிக்ஸ் டெக்ஸ்ட்புக்குக்கு திருவொற்றியூர்ல ஒருத்தர், ராயபுரத்துல ஒருத்தர், பெரம்பூர்ல ஒருத்தர்னு தனித்தனியா கேட்டலாக் கார்டு டைப் அடிச்சிட்டிருந்தோம். அமெரிக்காவுல ஓசிஎல்சின்ற அமைப்பு 1971லேர்ந்து கார்டு அச்சடிச்சு லைப்ரரிகளுக்கு அனுப்பிட்டே இருந்தது, கிட்டத்தட்ட 190 கோடி கார்டு, அவங்களே 2015 அக்டோபர் 1ஆம் தேதி கடைசி கார்டை அடிச்சிட்டு நிறுத்திட்டாங்க. இப்ப கோஹான்ற லைப்ரரி சாஃப்ட்வேர்ல புக்கோட ஐஎஸ்பிஎன் நம்பர போட்டா அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்லேர்ந்து மார்க்ன்ற கம்ப்யூட்டர் வடிவத்துல ரெக்கார்டு வந்துடுது, 100ஆம் கட்டத்துல ஆசிரியர், 245ல தலைப்பு, 082ல டூயி வகைப்பாட்டு நம்பர்னு எல்லாம் ரெடியா. இது நல்லதுன்னுதான் நான் மனசார நெனைக்கிறேன். 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரிக்கு லைப்ரரியனா வந்த ரங்கநாதன், 1931ல எழுதின நூலக அறிவியலோட அஞ்சு விதில நாலாவதா சொன்னது வாசகரோட நேரத்த மிச்சப்படுத்தணும்ன்றது. புது புக்கு நம்ம ரேக்லயே மாசக்கணக்கா கெடந்துட்டு பரீட்சை முடிஞ்சப்பறம் ஷெல்ஃபுக்குப் போனா பசங்களுக்கு என்ன பிரயோஜனம்.

ஜர்னல் பக்கமும் இப்பிடித்தான். கார்டெக்ஸ் டிராயர்ல எந்த இஷ்யூ வந்துச்சு எது வரலன்னு டிக் அடிச்சிட்டிருந்தது போய், இப்ப ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு மத்திய அரசு 2024 நவம்பர்ல ஒப்புதல் குடுத்து, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி, 30 பப்ளிஷரோட சுமார் 13,000 ஜர்னலை அரசு நடத்துற 6,300 நிறுவனங்களுக்குத் தர்றாங்க. உங்களது எய்டட்ன்றதால காலேஜுங்களுக்கு இ-ஜர்னல் தர்ற என்-லிஸ்ட் திட்டம்தான் உங்களுக்கு வழின்னு நெனைக்கிறேன். பில்லு எங்க கட்டினாலும் காலேஜ்ல ஒரு ஆள் வேணும்மா, பிராட்பேண்ட் கம்பெனிய மாத்தினா காலேஜோட ஐபி (இன்டர்நெட் முகவரி) மாறிடும், ஐபி மாறினா ஜர்னல் தொறக்காது, ஜர்னல் ஒரு பப்ளிஷர்ட்டேர்ந்து இன்னொருத்தர்ட்ட போனா ரெக்கார்டுல 856ஆம் கட்டத்துல நீங்க போட்ட லிங்க் செத்துடும், சந்தாவ நிறுத்திட்டா பழைய இஷ்யூவாவது நமக்கு இருக்கா இல்லையான்றது லைசென்ஸ் பேப்பர்ல இருக்கும், அத ஒக்காந்து படிக்கிறதுக்கு ஆளே இருக்காது. இதெல்லாமே டெக்னிக்கல் செக்‌ஷன் வேலைதான். கண்ணுக்குத் தெரியற மாதிரி மேசை மேல புக்கு அடுக்கு இல்லாததால யாருக்கும் வேலையாத் தெரியல, அவ்ளோதான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வரேன். நெட்லயே கெடைக்குதுன்றாங்களே, தமிழ் புக்குக்கு கெடைக்குதான்னு அவங்கள ஒரு தடவ தேடிப் பாக்கச் சொல்லுங்க. நம்ம பதிப்பகங்க போட்ட எத்தனையோ புக்குல ஐஎஸ்பிஎன்னே கெடையாது, பழைய புக்குல சுத்தமா இல்ல. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல தமிழ் புக்கு நெறைய இருக்கு, ஆனா அந்த ரெக்கார்டு பெரும்பாலும் ரோமன் எழுத்துல இருக்கும், அவங்க முறைப்படி ழவுக்கு எல் போட்டு கீழ கோடு, ளவுக்கு எல் போட்டு கீழ புள்ளி. நம்ம வியாசர்பாடி பையன் ழவுக்கு இசட் எச்னுதான் அடிப்பான், ஒண்ணும் வராது, புக்கு இல்ல போலன்னு போயிடுவான், புக்கு ரெண்டு அடி தள்ளி ஷெல்ஃப்ல இருக்கும். ரெக்கார்டோட 880ஆம் கட்டத்துல தமிழ் எழுத்துலயும் தலைப்பு, ஆசிரியர் பேரு ஏத்தினாத்தான் அவன் கைக்கு அந்தப் புக்கு வரும். அத யார் ஏத்தறது? சொ. விருத்தாசலம்னு தேடறவங்களுக்கும் புதுமைப்பித்தன்னு தேடறவங்களுக்கும் ஒரே இடத்துல புக்கு காட்டணும்னா, ரெண்டும் ஒரே ஆள்னு அதாரிட்டி ரெக்கார்டு போட்டு முடிச்சு போடணும். ஒருத்தருக்கே நாலு புனைபேரு, வருஷத்துக்கு ஒரு மாதிரி இனிஷியல், இதெல்லாம் தமிழ் படிச்ச ஒரு மனுஷி ஒக்காந்து தீர்க்க வேண்டிய விஷயம்.

அதுக்கும் மேல நம்ம ஏரியா சமாச்சாரம். 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சது பெரம்பூர்ல, பி அண்ட் சி மில் தொழிலாளிங்கள வெச்சு, 1921ல அங்க நடந்த ஸ்டிரைக்கும் புளியந்தோப்பு கலவரமும் ஆராய்ச்சி பண்றவங்க இன்னிக்கும் தேடிட்டு வர்ற விஷயம். ஒரு பழைய யூனியன் மலர் உங்க லைப்ரரிக்கு டொனேஷனா வந்துச்சுன்னு வைங்க. டூயில வரலாறுன்னு போட்டா 954.82, மொத்தத் தமிழ்நாடும் அதுக்குள்ளதான் இருக்கு. சப்ஜெக்ட் ஹெடிங்ல (புக்கு எதப் பத்தினதுன்னு சொல்ற தலைப்புல) தொழிற்சங்கம், இந்தியா, சென்னைன்னு நின்னுடும். அந்த மில்ல நம்மாளுங்க பின்னி மில்லுன்னுதான் சொல்லுவாங்க, தேடறதும் அப்பிடித்தான்னு தெரிஞ்சு, பின்னி மில், புளியந்தோப்பு, பெரம்பூர்னு சேத்துப் போடறதுக்கு இந்தத் தெருவுல நடந்த ஆள் வேணும். எண்ணூர் சாம்பல் கழிவு பத்தின ரிப்போர்ட், காசிமேடு மீனவர் சங்கத்து நோட்டீஸ், கானா பாட்டு புக்கு, உங்க காலேஜ் மேகசின், இதுக்கெல்லாம் உலகத்துல எந்த வெண்டாரும் ரெக்கார்டு விக்க மாட்டான்மா. நீங்க போடலன்னா அது இல்லாத மாதிரியே ஆயிடும்.

தமிழ் ஆய்வேடுகளையும் இதோட சேத்துக்கோங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணதோட பிடிஎஃப் பாக்கறதுக்கு தமிழா இருக்கும், உள்ள இருக்கறது எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, அதனால தமிழ்ல தேடினா சிக்கவே சிக்காது. தலைப்பையும் சுருக்கத்தையும் யூனிகோட்ல அடிச்சு ஏத்தற வரைக்கும் அந்தப் புள்ளைங்க வருஷக்கணக்கா ஒழைச்சது பூட்டிக் கெடக்கும். இத நெனைச்சா எனக்கு இப்பவும் ஆத்திரம் வரும்.

ஏஐ பத்தி. லைப்ரரி ஆஃப் காங்கிரஸே 2022லேர்ந்து இபுக்குங்கள வெச்சு சோதனை பண்ணிட்டிருக்காங்க, தலைப்பு, ஆசிரியர் மாதிரி விஷயத்த நல்லாவே எடுக்குது, சப்ஜெக்ட் ஹெடிங்ல தடுமாறுது. ஃபின்லாந்து தேசிய நூலகம் அன்னிஃப்னு ஒரு டூல் செஞ்சு இலவசமா விட்டிருக்கு, அதுவும் ஏற்கனவே மனுஷங்க சப்ஜெக்ட் போட்டு வெச்ச ரெக்கார்டுங்களப் பாத்துக் கத்துக்கிட்டுதான் சப்ஜெக்ட் சொல்லுது. தமிழ்ல, அதுவும் நம்ம ஏரியா விஷயத்துல, அது பாத்துக் கத்துக்கறதுக்கு மொதல்ல நல்ல ரெக்கார்டு வேணுமில்லையா? டிராஃப்ட் அது போடட்டும், சரி பாக்கறது நீங்களா இருங்க.

ரூமை மூடினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், பசங்களுக்கு உக்கார எடம் வேணும். உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம, உங்க வேலையே வேணாம்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு. நீங்க ரூமைத் திருப்பிக் கேக்காதீங்க, நேரத்தக் கேளுங்க. தினம் காலைல ரெண்டு மணி நேரம் கவுன்ட்டர வேற ஒருத்தர் பாக்கட்டும், அந்த நேரம் தமிழ் ரெக்கார்டுக்கும் லோக்கல் கலெக்‌ஷனுக்கும் மட்டும்னு எழுத்துல கேளுங்க. போறப்ப வெறும் கையோட போகாம, ஷெல்ஃப்ல இருந்தும் ஓப்பேக்ல (கம்ப்யூட்டர் கேட்டலாக்ல) தேடினா வராத தமிழ் புக்கு ஒரு லிஸ்ட் எடுத்துட்டுப் போங்க. காலேஜோட தரத்த மதிப்பிடற நாக் அமைப்பு லைப்ரரி ஆட்டோமேஷன் பத்திக் கேக்கும்னு பிரின்சிபலுக்கு நல்லாத் தெரியும், அந்த லிஸ்ட்டப் பாத்தா ஒக்காந்து பேசுவார். இன்னொண்ணு, கவுன்ட்டர்ல இருக்கறப்ப பசங்க என்ன வார்த்த சொல்லிக் கேக்கறாங்கன்னு ஒரு நோட்ல எழுதி வைங்க, சப்ஜெக்ட் போடறப்ப அத வெச்சுக்கலாம். பழைய ரூம்ல உங்களுக்கு இது கெடைச்சிருக்காது.

தம்பி பொண்ணு தாராளமா சேரட்டும். வேலை கொட்டிக் கெடக்குன்னு பொய் சொல்ல மாட்டேன், எத்தனையோ எடத்துல போஸ்ட் காலியாவே கெடக்கு, நிரப்ப மாட்டேன்றாங்க. அதனால பட்டத்தோட நிக்காம மார்க், கோஹா, தமிழ் யூனிகோட் டைப்பிங், பழைய ஃபான்ட்லேர்ந்து யூனிகோடுக்கு மாத்தறது, ஆயிரம் ரெக்கார்டு ஒரே தடவைல திருத்தறதுக்கு மார்க்எடிட், ஓப்பன்ரிஃபைன், இதெல்லாம் கையோட கத்துக்கணும், எல்லாமே காசில்லாமக் கெடைக்கறதுதான். சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட்டிட்டுப் போய் பக்கத்துல உக்கார வெச்சு, ஐஎஸ்பிஎன் இல்லாத ஒரு தமிழ் புக்கக் கைல குடுத்து, முழுசா ஒரு ரெக்கார்டு போடச் சொல்லுங்க. பிடிச்சிருந்துச்சுன்னா அப்ளிகேஷன் வாங்கட்டும்.

அன்புடன்,
அக்கா