ஷேப்வேர்: ஒரு சைஸ் சின்னதாக எடுக்கலாமா?

கேள்வி: வயது 38, இடுப்பு 44 அங்குலம், சீனி வருத்தமும் உண்டு. கொழும்பில் நடக்கும் தங்கச்சியின் கல்யாணத்துக்குச் சேலைக்குள் போட ஷேப்வேர் (வயிற்றையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை) வாங்கப் போகிறேன். ஃபேஸ்புக்கில் விற்பவர், "ஒரு சைஸ் சின்னதா எடுங்க, ஒரு மாசம் போட்டா வயிறு கரையும்" என்கிறார். உடம்புக்கு ஏதும் செய்யுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அளவு சரியாக இருந்தால் கல்யாணத்தன்று நாலைந்து மணி நேரம் போடலாம். ஆனால் அவர் சொன்ன இரண்டும் தவறு. இறுக்கிக் கட்டுவதால் கொழுப்பு கரையாது. கழற்றியதும் வயிறு பழையபடி வந்துவிடும். 'ஸ்வெட் பெல்ட்' குறைப்பதும் வியர்வையாகப் போகும் தண்ணீரைத்தான்.

சின்ன சைஸ்தான் பெரிய தொல்லை. நிற்கும்போது 44 இருக்கும் இடுப்பு, உட்கார்ந்தால் இன்னும் கூடும். மேல் விளிம்பு தாங்காமல் சுருண்டு இறங்கும். பரவலாக விழவேண்டிய இறுக்கம் கயிறு கட்டியதுபோல ஒரே கோட்டில் விழும். தொடை இடுக்கில் அப்படி அழுத்தினால் அங்குள்ள நரம்பு நசுங்கி, தொடையின் வெளிப்பக்கம் எரியும், மரத்துப்போகும். வயிற்றை நெருக்கினால் நெஞ்செரிவும் வரும். பருமனான உடம்பில் வயிற்றுக்குள் அழுத்தம் ஏற்கெனவே கூடுதல் என்பதால் இதெல்லாம் சீக்கிரமே தலைகாட்டும். சீனி வருத்தம் நரம்பைப் பாதித்திருந்தால் இறுக்கமே தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அளவை மாலையில் எடுங்கள். மூச்சைச் சாதாரணமாக விட்டு, தொப்புள் மட்டத்தில் ஒன்று. இடுப்புக்குக் கீழே மிக அகலமான இடத்தில் ஒன்று. இரண்டும் வேறு சைஸ் காட்டினால் பெரியதே உங்களுக்கு. மார்புக்குக் கீழ்வரை ஏறி, தோள்பட்டி உள்ளதாக எடுத்தால் சுருளாது. வீட்டில் போட்டு 10 நிமிடம் உட்காருங்கள், படி ஏறுங்கள். ஆழமாக மூச்சு இழுக்க முடியவேண்டும், விளிம்புக்குள் இரண்டு விரல் போகவேண்டும். அடியில் பருத்தித் துணியும், கழற்றாமலே சிறுநீர் கழிக்க ஒரு திறப்பும் இருக்கிறதா பாருங்கள். கழற்றச் சோம்பல்பட்டுச் சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் கிருமித் தொற்றுக்கு வழி.

கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது வேண்டாம், மண்டபத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மணிக்கணக்காக அசையாமல் உட்காருவதே காலில் இரத்தம் உறைய இடம் கொடுக்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: கடை வேலைக்குத் தினமும் ஷேப்வேர் போடுகிறேன். வயிற்று மடிப்பில் சிவந்து அரிக்கிறது. மழைக்காலத்தில் துவைத்த ஷேப்வேர் காய்வதே இல்லை.
– வாசகி, ஹற்றன்

பதில்: அது பங்கஸாக இருக்கலாம். ஆறும்வரை போடவேண்டாம், மடிப்பை ஒற்றித் துடைத்து உலர வையுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ஈரத்தோடு போடுவதே வினை. அடுப்புக்கு மேலே காயப்போட்டால் இழுவை செத்துவிடும். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் துவாய்க்குள் சுருட்டி அமத்தி, நிழலில் காற்றுக்கு விரியுங்கள். ஒன்று காய ஒன்று வேண்டும். இரண்டு வாங்க வசதியில்லாவிட்டால் தினமும் போடும் எண்ணத்தை விடுவதே நல்லது.

விற்பவர் சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் பற்றுச்சீட்டையும் விளம்பரப் படத்தையும் வைத்துக்கொண்டு, வாங்கி 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.