ஜாஸ்-ராக் ஃபியூஷன், புரோகிரசிவ் ராக்கில் சேருமா?

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் ஃபியூஷன் குழுவை புரோக் (அதாவது புரோகிரசிவ் ராக்) என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் முடியாது, பங்காளி வேண்டுமானால் சொல்லலாம். அதைத் தொடங்கிய ஜான் மெக்லாஃப்லின், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1970 ஆல்பம் 'பிட்சஸ் ப்ரூ'வில் கிட்டார் வாசித்தவர், அதாவது வேர் ஜாஸ். கிங் கிரிம்சன், யெஸ் போன்ற புரோக் குழுக்கள் எல்லாம் ராக்கிலிருந்து கிளம்பி, பாட்டைப் பல பகுதிகளாக நீட்டிக் கட்டியவர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கர்நாடகக் கச்சேரி கேட்டவர்களுக்குச் சட்டென்று புரியும்: புரோக்கில் கீர்த்தனைக்கு, அதாவது முன்பே கட்டிய பாட்டுக்கு எடை, ஃபியூஷனில் கல்பனாஸ்வரத்துக்கு, அதாவது மேடையிலேயே கற்பனையில் வருவதற்கு. சிக்கலான தாளம் இரண்டிலும் உண்டு, குழப்பமே அங்கேதான். மகாவிஷ்ணுவின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பாட்டில் தாளச் சுற்றுக்கு 18 எண்ணிக்கை; தே தாரிக் (ஆற்றிய பால் டீ) கிளாஸில் விரலால் தட்டி எண்ணிப் பார்த்து மூன்று முறை கோட்டை விட்டேன். அப்புறம் சாஃப்ட் மெஷின் குழு? அது இரண்டு வீட்டிலும் சாப்பிடும் ஆள்.