அழாமல் கை நீட்டிய பையன்

வணக்கம் அம்மா,

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது குழந்தைகள் வார்டில் போஸ்டிங். நிமோனியாவோடு வந்த நாலு வயதுப் பையன் மூன்று நாளாக என் யூனிஃபார்மைப் பார்த்தாலே அலறினான். நேற்று மருந்து ஏற்றப் போனபோது அழாமல் தானாகவே கையை நீட்டினான். சிஸ்டர் 'சமத்து' என்று கொஞ்சினார். எனக்கோ ஹாஸ்டலுக்கு வந்ததும் அழுகை. நான் இந்த வேலைக்குத் தகுதியானவளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழுகைக்கும் தகுதிக்கும் சம்பந்தமில்லை. அதை விடுங்கள். அந்தப் பையன் நீட்டிய கைதான் கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

அலறியவன் அடங்கினால் பழகிவிட்டான் என்று வார்டே சந்தோஷப்படுகிறது. அவன் சோர்ந்து கைவிட்டிருக்கலாம். லண்டனில் தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் படம்பிடித்து 1952ல் காட்டினார். அவள் அதிகம் அழவில்லை. துயரம் முழுக்க முகத்தில் இருந்தது. 1959ல் மருத்துவமனைக் குழந்தைகளின் நலன் பற்றி பிரிட்டனில் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தடையில்லாமல் உள்ளே விடச் சொன்னது.

நம் வார்டில் அம்மா கூடவே இருக்கிறார். ஆனால் அவரே "சாப்பிடலேன்னா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டுகிறார்; மாணவிகள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்! "அதுக்கெல்லாம் ஊசி கிடையாதும்மா" என்று அங்கேயே சொல்ல வாய் வராதா? "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம்.

அழுகிற குழந்தை கை வலித்தால் காட்டிக்கொடுத்துவிடும். அடங்கிப்போனது சொல்லாது. ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் செருகும் மெல்லிய குழாய், அதுதான் வென்ஃப்ளான், நரம்பை விட்டு விலகினாலும் ட்ரிப்ஸ் உடனே நிற்காது. சொட்டு விழுகிறதே என்று நாம் நகர்ந்துவிடுவோம். கணக்குப் போடுங்கள். 16 கிலோ பையனுக்கு ஒரு நாள் ட்ரிப்ஸ், முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி, மீதி 6 கிலோவுக்கு கிலோவுக்கு 50 மில்லி: ஒரு நாளைக்கு 1300 மில்லி, மணிக்கு 54. மைக்ரோ ட்ரிப் செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி என்பதால் நிமிடத்துக்கும் 54 சொட்டு. அதே வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் 54 மில்லியும் அந்தப் பிஞ்சுக் கையின் தோலடியில்.

அதனால் மணிக்கொரு முறை பாருங்கள். பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றி ஒட்டாதீர்கள். ஊசி நுழைந்த இடமும் விரல் நுனிகளும் வெளியே தெரிய வேண்டும். இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வெளுத்து, சில்லென்று, இறுகி வீங்கியிருந்தால் ட்ரிப்ஸ் நரம்புக்கு வெளியே போகிறது. சிவந்து, சுட்டு, நரம்பு கயிறுபோலத் தட்டுப்பட்டால் புண்ணாகிவிட்டது. எதுவானாலும் நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். மருந்துக்கு முன் 2 மில்லி சலைன் மெதுவாகத் தள்ளும்போது கையோடு முகத்தையும் பாருங்கள். வாய் திறக்காத குழந்தைக்கும் புருவம் சுருங்கும், கால் விரல் மடங்கும்.

புதிதாகப் போட வேண்டிவந்தால் ட்ரீட்மென்ட் ரூமுக்குத் தூக்கிப்போங்கள். கட்டிலாவது பயமில்லாத இடமாக இருக்கட்டும். நாலு பேர் மல்லாக்கக் கிடத்தி அமுக்க வேண்டாம். அம்மா மடியில் மாரோடு மார் சேர்த்து உட்காரவைத்தால், கை மட்டும் அவர் கக்கத்துக்கு அடியில் வெளியே வரும். விரல் சூப்புகிற கையைத் தவிருங்கள். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்காவிட்டால் வேறொருவரை அழையுங்கள்.

நாளைக்கு டியூட்டியில் அவனிடம் சொல்லுங்கள்: "வலிச்சா கத்துடா தங்கம், கையை மட்டும் ஆட்டாதே."