துணியை எடுத்துப் பார்க்காதீர்கள்

இந்த முறை வந்த முதலுதவிக் கேள்விகளில் பாதி ரத்தம், மீதி கொதிக்கும் எண்ணெய். தீபாவளி நெருங்குகிறது என்று தெரிகிறது.

*வேலையிடத்தில் கிரைண்டர் நழுவி நண்பனின் முன்கையைக் கிழித்துவிட்டது. துணி வைத்தோம், எடுத்துப் பார்த்தோம், மறுபடி வைத்தோம். ரத்தம் நிற்கவில்லை. ஒருவர் பெல்ட்டால் கட்டு என்றார், இன்னொருவர் கை அழுகிவிடும் என்றார். எது சரி?* (துவாஸ் தங்குவிடுதி வாசகர்)

தம்பி, கோளாறு அந்த ‘எடுத்துப் பார்த்தோம்’ என்பதில்தான். உறையத் தொடங்கும் ரத்தத்தை ஒவ்வொரு தடவையும் நீங்களே பிய்த்து எடுத்துவிட்டீர்கள். ஒரே ஆள், முழங்கையை நீட்டி, உடல் எடை முழுவதும் இறங்கும்படி காயத்தின் மேல் அழுத்த வேண்டும். கடிகாரம் பார்த்து 10 நிமிடம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து, இன்னும் பலமாக அழுத்துங்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பை போதும். அதே நேரத்தில் வேறொருவர் சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்கட்டும். எல்லாரும் காயத்தைச் சுற்றி நின்றுகொண்டு, அழைக்க வேண்டியதை மறந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, அழுத்தியும் நிற்காவிட்டாலோ கை, கால்களுக்கு டூர்னிகெட், அதாவது ரத்த ஓட்டத்தை நிறுத்த முறுக்கி இறுக்கும் பட்டை போடலாம். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் இல்லாமல். ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். நண்பர் வலியில் அலறுவார், அது எதிர்பார்த்ததுதான். கட்டிய நேரத்தைப் பட்டையில் எழுதுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ‘கொஞ்சம் தளர்த்துவோம்’ என்று யாராவது சொல்வார்கள், விடாதீர்கள். கை அழுகும் பயத்துக்கு வருகிறேன்: இரண்டு மணி நேரம் வரை கட்டியிருப்பதைக் கை பொதுவாகத் தாங்கும். இந்த ஊரில் அதற்குள் மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

பெல்ட் யோசனை எனக்குப் பிடிக்காது. அதை முறுக்கி இறுக்க முடியாது. அரைகுறையாக இறுகினால் மேலே திரும்பும் ரத்தம் மட்டும் அடைபடும், உள்ளே வரும் ரத்தம் வந்துகொண்டே இருக்கும், கசிவு கூடிவிடும். பட்டை இல்லையென்றால் அழுத்திக்கொண்டே இருங்கள். 25 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருக்க வேண்டும். அவர் யார், பெட்டி எங்கே, அதில் டூர்னிகெட் இருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் நாளைக்கே கேளுங்கள்.

*முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்தால் காப்பித்தூள் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மருமகள் வேண்டாம் என்கிறாள்.* (ஈசூன்)

மருமகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. காப்பித்தூளோ பற்பசையோ சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். பிறகு மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் வேதனை. குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தாலோ, முகம், கை, மூட்டில் பட்டிருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

*பாட்டி குளியலறையில் விழுந்து தலையில் சின்ன வீக்கம். நன்றாகப் பேசுகிறார். தூங்கவிடலாமா?* (அங் மோ கியோ)

அதற்கு முன் ஒன்று: பாட்டி ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா? ஆம் என்றால், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இன்றே அழைத்துப் போங்கள், மாத்திரை அட்டையோடு. மண்டைக்குள் கசிவு பல மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, இவற்றில் எது வந்தாலும் 995. மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகு தாராளமாகத் தூங்கலாம்.

இன்னொன்று, விழுந்த முதியவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவது நம் வீடுகளில் அனிச்சைச் செயல். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அப்படியே படுக்கவைத்துப் போர்த்திவிடுங்கள்.

*மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்றலாமா?* (உட்லண்ட்ஸ்)

மூச்சு சீராக இருந்தால் கழற்றாதீர்கள். ஹெல்மெட்டின் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் உயர்த்தி, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். மூச்சு இல்லையென்றால் கதை வேறு: ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றவர் மெதுவாக உருவ வேண்டும். உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 995இல் பேசுபவர் போனிலேயே வழிநடத்துவார். இரண்டு பேர் விழுந்திருந்தால், கத்துபவரிடம் ஓடாதீர்கள். கத்துவதற்கு மூச்சு வேண்டும், அது அவரிடம் இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரை முதலில் பாருங்கள்.

*துண்டான விரலை ஐஸில் போடலாமா?* (ஜூரோங்)

நேராகப் போட்டால் திசு உறைந்து செத்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஆளின் பெயரையும் நேரத்தையும் பையில் எழுதி, அவர் போகும் அதே ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புங்கள்.