பெட்டி மேல போட்டிருந்ததை நம்பி வாங்கினோம்: கோடை லீவு கேள்வி-பதில்

லீவு விட்டதுல இருந்து வர்ற கடிதங்கள்ல பாதிக்கு மேல பிள்ளைங்களுக்கு வாங்கின சாமான் பத்திதான் இருக்கு. நீளமா எழுதினவங்க கடிதத்தைச் சுருக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: காத்து அடிக்கிற நீச்சல் தொட்டி ஆன்லைன்ல வாங்கினோம் மேடம். மூணாவது நாளே அடியில ஒட்டுப் பிரிஞ்சு காத்து இறங்கிடுச்சு. கேட்டா "தண்ணி ஊத்தி யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது"ங்கறாங்க. ரெண்டு பிள்ளைங்களும் தினமும் அதைத் தடவிப் பாத்து அழுதுங்க. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்கறது வேற, பொருள் பழுதுன்னு திருப்பிக் குடுக்கறது வேற. யூஸ் பண்ணக் கூடாதுங்கற கண்டிஷன் முதல் விஷயத்துக்குத்தான். ஒட்டு சரியில்லைங்கறது தண்ணி ஊத்தி உக்காந்தாதானே தெரியும், அது உங்க தப்பே இல்ல.

பஞ்சர் மட்டும் இப்போ போட்டுடாதீங்க, போட்டா "நீங்களே கிழிச்சிட்டீங்க"ன்னு சொல்ல வழி கிடைச்சிடும். காத்து அடிச்சு, ஒட்டு மேல சோப்புத் தண்ணியைத் தடவுங்க, எங்க இருந்து நுரை கிளம்புதோ அதைக் கிட்ட வச்சு வீடியோ எடுங்க. பெட்டியில இருக்கற பேட்ச் நம்பர், பில், டெலிவரி வந்த தேதி எல்லாத்தையும் சேத்து எழுத்துல அனுப்புங்க. போன்ல பேசினது நாளைக்கு நிக்காது. ஒரு தேதி குறிச்சு, அதுக்குள்ள மாத்தித் தரலைன்னா வித்த தளத்துக்கும், கார்டுல கட்டியிருந்தா பேங்குக்கும் புகார் போகும்னு சொல்லுங்க. பேங்க்ல அப்படிக் கேக்கறதுக்கு நாள் கெடு இருக்கும், அதனால ஆறப் போடாதீங்க.

புதுசு வந்ததும் ஒண்ணு மட்டும் பண்ணுங்க, குளிச்சு முடிச்ச உடனே தண்ணியைக் கொட்டிக் கவுத்து வச்சிடுங்க. சின்னப் பிள்ளை முங்கறதுக்கு நாலஞ்சு சென்டிமீட்டர் தண்ணி போதும், சத்தமும் வராது.

கேள்வி: பொண்ணுக்கு நீச்சல் டிரெஸ். வெளிர் நீலமா, ஆரஞ்சா?

பதில்: ஆரஞ்சு. நீலம் தண்ணிக்கு அடியில கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: அக்கா, எஸ்.பி.எஃப். (வெயில் கதிரை எவ்வளவு தடுக்கும்னு காட்டற எண்) 100 போட்ட சன்ஸ்கிரீன், 50ஐ விட ரெண்டு மடங்கு விலை. ரெண்டு மடங்கு பாதுகாப்பு இருக்கும்தானே? போன வருஷ பாட்டில்ல பாதி மிச்சம் இருக்கு, அதையும் யூஸ் பண்ணலாமா? பெரியவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு 5 மாசம்.

பதில்: ரெண்டு மடங்கெல்லாம் இல்லம்மா. சரியாப் பூசினா 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98, 100 சுமார் 99. இதுவும் தோலைச் சிவக்க வைக்கிற யூவிபிங்கற புற ஊதாக் கதிருக்கு மட்டும்தான் கணக்கு, தோலுக்குள்ள ஆழமாப் போற யூவிஏ கதிருக்குத் தனியா "பிராட் ஸ்பெக்ட்ரம்"னு போட்டிருக்கணும். 30 இல்ல 50 வாங்கி, தாராளமாப் பூசி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் தண்ணியில இருந்து ஏறினதும் திரும்பப் பூசறதுதான் காக்கும். 100 வாங்கிட்டோம்னு காலையில ஒரு தடவை தேச்சு விட்டுட்டு இருக்கறவங்கதான் எனக்கு அதிகமா எழுதறாங்க.

பழைய பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, மூடி திறந்த ஒரு குட்டி டப்பா படம் இருக்கும், அதுக்குள்ள 6 இல்ல 12னு ஒரு நம்பர். திறந்து அத்தனை மாசம்தான் ஆயுசு. நான் ஆஃபர்ல கிடைச்சுதுன்னு ஒரு பெரிய பாட்டில் வாங்கி மூணு கோடைக்கு ஓட்டினவ, அதுல பாதி நாள் அது கார்லயே வெந்துட்டு இருந்தது. மூணாவது கோடையில என் பையன் தோள்பட்டை தோல் உரிஞ்சு, ரெண்டு ராத்திரி சட்டை போட முடியாம குப்புறப் படுத்திருந்தான். அந்தச் சூடு அடங்கற வரைக்கும் ஈரத்துணி மாத்திட்டே உக்காந்திருந்தேன், இன்னும் மனசுல இருக்கு. பழசைத் தூக்கிப் போட்டுடுங்க.

சின்னவளுக்கு இப்போ எதுவும் பூச வேண்டாம். 6 மாசம் ஆகற வரைக்கும் நிழல், தொப்பி, கை கால் மூடற மெல்லிய பருத்தி உடுப்பு, அவ்வளவுதான்.

கேள்வி: 2 வயசுப் பையனுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது. கடையில "எலக்ட்ரோலைட்"னு (உடம்புக்கு வேண்டிய உப்புச்சத்துன்னு) பெருசா போட்ட ரெடிமேட் பானம் இருந்துச்சு, பழ ருசி, அவனும் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறான். ஆனா நிக்கலை, அதிகமாயிட்டே இருக்கு. பிராண்டை மாத்தணுமா?

பதில்: முதல்ல அதை நிறுத்துங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. 6 மணி நேரமா யூரின் போகலை, அழுதா கண்ணீர் வரலை, கண்ணு உள்ள போயிருக்கு, தூக்கினா துவண்டு விழறான்னா அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பாக்காம நேரா ஹாஸ்பிடல். வந்ததும் மீதியைப் படிங்க.

இந்த விஷயத்துல எனக்கு ஆறாத கோபம் உண்டு. என் பொண்ணுக்கு இதே வயசு, இதே கோடை, ராத்திரி பதினோரு மணிக்கு திறந்திருந்த ஒரே கடையில இதே மாதிரி ஒரு பாட்டிலை வாங்கிட்டு வந்து ஸ்பூன் ஸ்பூனா ஊட்டினேன், நல்லது பண்றோம்னு நினைச்சு. விடியறதுக்குள்ள எட்டு தடவை போயிட்டா. ஹாஸ்பிடல்ல ஒரு நர்ஸ் அந்த பாட்டிலைக் கையில வாங்கி, பின்பக்கம் திருப்பி, நகத்தால ஒரு வரியைக் காட்டினாங்க. சர்க்கரை. "இது ஓஆர்எஸ் இல்லங்க, ஜூஸ்"னு சொன்னாங்க. ஓஆர்எஸ்னா வயித்தால போகும்போது இழக்கற தண்ணியையும் உப்பையும் ஈடு கட்டற கரைசல். முன்பக்கம் எலக்ட்ரோலைட்டுங்கற எழுத்து என் கட்டை விரல் அளவு, பின்பக்கம் சர்க்கரைங்கற எழுத்து எறும்பு அளவு.

ஓஆர்எஸ்ங்கறது வெறும் உப்பும் சர்க்கரையும் இல்ல, கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம். குடல்ல உப்புல இருக்கற சோடியமும் குளுக்கோஸும் கை கோத்துதான் உள்ள போகும், பின்னாடியே தண்ணி போகும். அதுக்கு வேண்டிய அளவுதான் சர்க்கரை. அதுக்கு மேல கூடினா குடல்ல தேங்கி, உடம்புல இருக்கற தண்ணியையும் குடலுக்குள்ள இழுத்துடும், வயித்தால போறது கூடும். உங்க பையனுக்கும் இது கூடியிருக்கலாம். விளையாட்டு வீரர்கள் குடிக்கிற பானத்துலயே லிட்டருக்கு 60 கிராம் பக்கம் சர்க்கரை இருக்கும், சோடியமோ ஓஆர்எஸ்ல பாதி கூட இருக்காது. 2002ல உலக சுகாதார நிறுவனமே பழைய ஓஆர்எஸ்ல இருந்த சர்க்கரை, உப்பு அளவைக் குறைச்சு மாத்தினாங்க, வயித்தால போறதும் வாந்தியும் புது அளவுல குறைஞ்சதால. அவங்க அவ்வளவு கிராம் கணக்கு பாத்து வச்ச மருந்து மாதிரியே தோணற பேரை, பழ வாசனை போட்ட சர்க்கரைத் தண்ணிக்காரங்க எடுத்துப் போட்டுக்கறாங்க, பயந்து போய் ராத்திரி ஓடி வர்ற அம்மா அப்பாதான் வாங்கறாங்க. 1978லயே லான்செட் மருத்துவ இதழ், சோடியமும் குளுக்கோஸும் இப்படிக் கை கோத்துப் போகுதுங்கற கண்டுபிடிப்பை, நூற்றாண்டோட மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இருக்கலாம்னு எழுதுச்சு. அவ்வளவு பெரிய விஷயத்தைக் குளிர்பானத் தட்டுல வச்சு விக்கறதை என்னால ஏத்துக்கவே முடியலை.

பவுடர் பாக்கெட் வாங்குங்க, பின்பக்கம் உலக சுகாதார நிறுவன அளவுன்னு இருக்கான்னு பாருங்க. எத்தனை தண்ணியில கலக்கச் சொல்லியிருக்கோ அத்தனையில முழுப் பாக்கெட்டையும் கலக்குங்க. டம்ளர்ல கால் பாக்கெட் குத்துமதிப்பாக் கொட்டறது கூடாது, உப்பு கூடிப் போனா அதுவே ஆபத்து. 24 மணி நேரம் ஆச்சுன்னா கொட்டிட்டுப் புதுசு. பால் குடிக்கிற பிள்ளைன்னா தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.

கேள்வி: கார் ஜன்னல்ல ஒட்டற வெயில் தடுப்பு வாங்கியிருக்கேன், சூட்டை நல்லாக் குறைக்கும்னு பெட்டியில போட்டிருக்கு. அப்படின்னா பாப்பா தூங்கிட்டா பத்து நிமிஷம் விட்டுட்டு சாமான் வாங்கிட்டு வரலாமா? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சிட்டுத்தான் போவேன்.

பதில்: கூடாது. பத்து நிமிஷம் இல்ல, ரெண்டு நிமிஷமும் கூடாது. நின்ன காருக்குள்ள சூடு எப்படி ஏறுதுன்னு அளந்து 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு மணி நேரத்துல சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தது, அதுல 80 சதவீதம் முதல் அரை மணிக்குள்ளயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சும் பாத்தாங்க, பெருசா வித்தியாசம் இல்ல. சின்னப் பிள்ளை உடம்பு நம்ம உடம்பை விடப் பல மடங்கு வேகமாச் சூடாகும். அந்தத் தடுப்பு ஓடற கார்ல பாப்பா முகத்துல வெயில் அடிக்காம இருக்கறதுக்கு, வேற எதுக்கும் இல்ல. ஒரு பொருளை வாங்கிட்டதாலயே இப்படியெல்லாம் துணிச்சல் வரும்னா அதை வாங்காம இருந்திருக்கலாம். தூக்கத்தைக் கலைச்சுத் தூக்கிட்டுப் போங்க.

கேள்வி: தள்ளுவண்டிக்கு மேல மூடற துணி விக்கறாங்களே, நல்லதா?

பதில்: மெல்லிசுத் துணியா இருந்தாலும் உள்ள காத்து தேங்கிச் சூடேறும். மூடாதீங்க, குடை மாட்டுங்க.

கேள்வி: கையில மாட்டற காத்துப் பை வாங்கிக் குடுத்திருந்தோம். பையன் மிதக்கிறான்னு நாங்க கரையில போன் பாத்துட்டு இருந்தோம், ஒண்ணு கழண்டு பையன் குப்புறக் கவுந்துட்டான். நல்லவேளை பக்கத்துல ஒருத்தர் தூக்கினார். கம்பெனி மேல கேஸ் போடலாமா?

பதில்: பையன் நல்லா இருக்கான், அது போதும். ஆனா இதுல உங்க பக்கம் பேச எனக்கு மனசு வரலை. அந்தப் பையை எடுத்துப் பாருங்க, முங்கிப் போகாம காக்காது, பெரியவங்க கண் பார்வையிலயே இருக்கணும்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். சின்ன எழுத்துதான், ஒத்துக்கறேன், ஆனா ஊதும்போது அது உங்க மூக்குக்கு நேராத்தானே இருந்திருக்கும். நீச்சல் தெரியாத பிள்ளை தண்ணியில இருந்தா பெரியவங்க கை நீட்டினா தொடற தூரத்துல இருக்கணும். எச்சரிக்கை எதுவுமே அச்சடிக்கலை, இல்ல ஒட்டு விட்டுக் காத்து போச்சுன்னா படம் அனுப்புங்க, அப்போ நானே புகார் எழுதித் தர்றேன். உண்மையான மிதவை உடுப்பு வேணும்னா ஐஎஸ்ஓ 12402ங்கற தர எண்ணும் பிள்ளையோட எடை அளவும் போட்டதைத் தேடுங்க.

கேள்வி: 3 வயசுக்கு நல்லாக் கறுப்பாக் குளிர்க் கண்ணாடி வாங்கினேன், பொம்மைக் கடையில. போதுமா?

பதில்: கறுப்பு வேற, யூவி தடுப்பு வேற. தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி போட்டா கண்ணோட கருமணி விரிஞ்சு கதிர் இன்னும் உள்ள போகும். யூவி 400ன்னு இருக்கறதை வாங்குங்க.

கேள்வி: ஏசி மாதிரியே குளிரும்னு சொல்லி ஏர் கூலர் தலையில கட்டிட்டாங்க. ராத்திரி ஜன்னல் எல்லாம் மூடிட்டுத்தான் போடறோம், ரூம் பிசுபிசுன்னு ஆகுது, குழந்தைக்கு வேர்க்குரு. மெஷின் பழுதா?

பதில்: மெஷின் சரியாத்தான் இருக்கும், சொன்னதுதான் பொய். நானும் இதே பேச்சைக் கேட்டு வாங்கினவதான். கூலர் தண்ணியை ஆவியாக்கித்தான் குளிர வைக்குது, காத்துல ஏற்கனவே ஈரம் ஜாஸ்தின்னா ஆவியாகாது. ஜன்னலைத் திறந்து, கூலரை வெளிக்காத்து இழுக்கற மாதிரி வச்சுப் பாருங்க. அப்பவும் புழுங்குச்சுன்னா தண்ணியை நிறுத்திட்டு வெறும் ஃபேனா ஓட்டுங்க, வேர்க்குரு அடங்கும். ஏசி மாதிரின்னு விளம்பரத்துலயோ மெசேஜ்லயோ எழுத்துல சொல்லியிருந்தா அதை வச்சுத் திருப்பிக் கேளுங்க.

கேள்வி: வெளியில போனப்போ கையில பிடிக்கிற குட்டி ஃபேன் வாங்கினோம், லைட்டெல்லாம் எரியும். கீழ விழுந்ததும் மூடி திறந்து காசு மாதிரி ஒரு பேட்டரி வெளிய வந்துடுச்சு. டேப் போட்டுக் குடுக்கலாமா? பொண்ணுக்கு ஒண்ணரை வயசு.

பதில்: குடுக்காதீங்க. இப்பவே எடுத்து, அவ கைக்கு எட்டாத எடத்துல வச்சிட்டு மேல படிங்க. அந்தப் பேட்டரி அநேகமா சிஆர் 2032ஆ இருக்கும், 20ன்னா 20 மில்லிமீட்டர் அகலம், 32ன்னா 3.2 மில்லிமீட்டர் கனம். ஒண்ணரை வயசுப் பிள்ளை உணவுக்குழாய்ல சிக்கிக்கறதுக்கு சரியான அளவு. ஈரம் பட்டதும் கரண்ட் ஓடி அந்த எடத்துல தோலை அரிக்கிற காரப்பொருள் உண்டாகி ரெண்டு மணி நேரத்துல வெந்து போயிடும், தீந்து போன பேட்டரியும் பண்ணும். முழுங்கினது தெரியாம இருமல், எச்சில் வடியறதுன்னு சளி மாதிரிதான் ஆரம்பிக்கும். சந்தேகம்னா வாந்தி எடுக்க வைக்காம எமர்ஜென்சிக்குப் போய், பேட்டரியா இருக்கலாம்னு முதல் வார்த்தையாச் சொல்லி எக்ஸ்ரே கேளுங்க.

பொம்மைன்னா மூடிக்கு ஸ்க்ரூ மாதிரி பூட்டு வேணும்னு பாதுகாப்பு விதி இருக்கு. ஃபேன், ரிமோட், லைட்டு எல்லாம் பொம்மை இல்லன்னு தப்பிச்சுக்குது, ஆனா பிள்ளைக்கு எல்லாமே பொம்மைதானே. அமெரிக்காவுல 2022ல இதுக்குன்னே தனிச் சட்டம் கொண்டு வந்தாங்க. இனிமே வாங்கும்போது கடையிலயே மூடியை நகத்தால நெம்பிப் பாருங்க, திறந்துச்சுன்னா அங்கேயே வச்சிட்டு வாங்க. பழைய பேட்டரியை ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கிற எடத்துல போடுங்க.

கேள்வி: கோடை நீச்சல் வகுப்புக்கு முழுப் பணமும் முன்னாடியே கட்டினோம். "அஞ்சு பிள்ளைக்கு ஒரு கோச்"னு சொன்னாங்க, போய்ப் பாத்தா இருபது பிள்ளைக்கு ஒருத்தர். பயந்து நிறுத்திட்டோம். ரசீதுல "கட்டிய பணம் திரும்பத் தரப்படாது"ன்னு இருக்கு. அப்போ போச்சா?

பதில்: போகலை தம்பி. நீங்க மனசு மாறி வராம இருந்தா அந்த வரி அவங்களுக்கு உதவும். சொன்னதைத் தராம இருந்தது அவங்கதான், அதை அந்த ஒரு வரி மூடாது. அஞ்சுக்கு ஒண்ணுன்னு சொன்ன நோட்டீஸ், மெசேஜ் எதுவா இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, அழிக்கறதுக்குள்ள. எத்தனை வகுப்பு போனீங்க, எத்தனை மிச்சம்னு எழுதி, மிச்சத்துக்கான பணத்தைக் கேளுங்க. அதே வகுப்புல இருக்கற மத்த அம்மா அப்பாகிட்டயும் பேசுங்க, நாலு பேர் கையெழுத்தோட போற கடிதத்துக்கு பதில் சீக்கிரம் வரும். தரலைன்னா உங்க ஊர் நுகர்வோர் அமைப்புக்குப் புகார் குடுங்க. இருபது பிள்ளைங்களைத் தண்ணியில விட்டுட்டு ஒருத்தர் நிக்கற எடத்துல இருந்து பிள்ளையைக் கூட்டிட்டு வந்தது ரொம்பச் சரி. அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு எனக்கும் அனுப்புங்க, அடுத்த வாரம் அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.