பூனைக்கு 13 வயசு, இப்பல்லாம் கட்டில் மேல கூட தாவ மாட்டேங்குது. வயசாயிடுச்சுன்னு விட்டுடலாமா, இல்ல டோலோ மாதிரி ஏதாவது கொடுக்கலாமா?

டோலோ கொடுக்கவே கொடுக்காதீங்க, முதல்ல அதை சொல்லிடறேன். டோலோ, க்ரோசின் எல்லாத்துலயும் இருக்கறது பாராசிட்டமால், அதை உடைச்சு வெளியேத்தற சக்தி பூனையோட கல்லீரலுக்கு கிடையாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும். ஈறு பழுப்பா மாறி, மூஞ்சியும் பாதமும் வீங்கி, ரத்தம் ஆக்சிஜனை சுமக்க முடியாம போயிடும். கால் மாத்திரை தானேன்னு யார் சொன்னாலும் வேணாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான். நம்ம வீட்ல வலின்னா உடனே தைலம் தேய்ப்போம்ல, அதையும் பூனைக்கு போடாதீங்க, கற்பூரமும் நீலகிரி தைலமும் அதுக்கு விஷம், நக்கி நக்கி உள்ள போயிடும்.

வயசுன்னு விடவும் கூடாதுங்க, பெரும்பாலும் அது மூட்டு வலி. 2002-ல வந்த ஒரு ஆய்வுல 12 வயசுக்கு மேல உள்ள பூனைங்களோட எக்ஸ்ரேல 90 சதவீதத்துக்கு மூட்டுலயோ முதுகெலும்புலயோ தேய்மானம் தெரிஞ்சுது. ஆனா நாய் நொண்டும், பூனை பெரும்பாலும் நொண்டாது, ரெண்டு பக்க காலும் சேர்ந்து வலிக்கும்போது எந்த காலை தூக்கி நடக்கும் பாவம். அதனால தாவறதை பாருங்க. எங்க கருப்பி ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவுல போறவ, அப்புறம் சோபா விளிம்புல முன்னங்கால் ரெண்டையும் வெச்சுட்டு கொஞ்ச நேரம் மேல பாத்துட்டே நிப்பா, அப்புறம் தான் பின்னாடி உடம்பை இழுத்து ஏத்துவா. இடுப்புக்கு மேல திரும்பி நக்க முடியாம அந்த இடத்து முடி தேங்கா நார் மாதிரி திரிஞ்சு கிடந்துச்சு. நகமும் பாருங்க, கீறி தேய்க்காம விட்டா வளைஞ்சு பாதத்துக்குள்ளயே குத்தும்.

மூத்திரம் போற மண் டப்பாவுக்கு வெளிய போனா திட்டாதீங்க, அந்த விளிம்பை தாண்ட முடியாம கூட இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தாழ்வா வெட்டின பெரிய பிளாஸ்டிக் டப் வைங்க. டைல்ஸ் தரை வழுக்கும், அது நடக்கற வழியில சாக்கோ பழைய யோகா மேட்டோ போடுங்க, கட்டில் பக்கத்துல ஆடாத ஸ்டூல் ஒண்ணு, அவ்ளோ தான், செலவே இல்ல. குண்டா இருந்தா எடை குறையணும், ஆனா பட்டினி போடாதீங்க, ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னாலே கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து பெரிய ஆபத்தாயிடும்.

மருந்துக்கு கண்டிப்பா டாக்டர் தான், சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. வயசான பூனைக்கு கிட்னி பிரச்சினை ரொம்ப சகஜம், அதனால மெலாக்சிகாம்ங்கற வலி மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் எடுக்க சொல்லி நீங்களே கேளுங்க. நாய்க்கு வர்ற மெலாக்சிகாம் சிரப் ஒரு மில்லிக்கு 1.5 மில்லிகிராம், பூனைக்கு வர்றது 0.5, பாட்டில் மாறினா 3 மடங்கு டோஸ் போயிடும். சாப்பாட்டோட கொடுங்க, சாப்பிடாம இருந்தாலோ வாந்தி எடுத்தாலோ நிறுத்திட்டு போன் பண்ணுங்க. கிட்னி சரியில்லைன்னா காபாபென்டின் மாதிரி வேற வலி மருந்து இருக்கு, அதுக்கும் டோஸ் டாக்டர் தான் சொல்லணும். வெளிநாட்டுல இருக்கறவங்க ஃப்ருனெவெட்மாப்னு பூனையோட மூட்டு வலிக்கு மாசம் ஒரு ஊசி இருக்கு, அதை கேட்டு பாருங்க, அமெரிக்காவுல 2022-ல அனுமதி கொடுத்தாங்க.

கிளினிக்ல போனா பூனை பயந்து சுருண்டு உக்காந்துடும், அது எப்படி நடக்குதுன்னு டாக்டரால பாக்க முடியாது. அதனால வீட்ல படி ஏறறது, சோபாவுல ஏறறது, டப்புக்குள்ள இறங்கறது எல்லாம் போன்ல வீடியோ எடுத்துட்டு போங்க. கூடையும் மேல மூடி திறக்கற மாதிரி பாத்து எடுங்க, முன்னாடி கதவு வழியா இழுத்தா இடுப்பு ரொம்ப வலிக்கும் அதுக்கு.