தாமிரம் மட்டும் ஏன் ஒளிரவில்லை?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக 8-ஹைட்ராக்சிகுயினோலினுடன் அலுமினியம், துத்தநாகம், தாமிரம் மூன்றையும் தனித்தனியே சேர்த்து அணைவுச் சேர்மங்கள் செய்தேன். யுவி விளக்கில் முதல் இரண்டும் பளிச்சென்று ஒளிர்கின்றன, தாமிரம் இருட்டாகவே கிடக்கிறது. செய்முறையில் பிழையா? அலுமினியமே இப்படி ஒளிரும்போது போன் திரைக்கு இரிடியம் எதற்கு?

பதில்: பிழை இல்லை. அந்தப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள், உங்கள் ப்ராஜெக்டில் அதுதான் அதிகம் சொல்லித்தரும்.

உலோகம் சேர்க்காத ஹைட்ராக்சிகுயினோலினையும் அதே 365 நானோமீட்டர் விளக்கில் வைத்துப் பாருங்கள். மங்கலாகத்தான் இருக்கும். ஒளியை வாங்கியதும் அதன் ஓஎச் தொகுதியிலுள்ள புரோட்டான் பக்கத்து நைட்ரஜனுக்குத் தாவுகிறது. ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அந்த இடத்தில் உலோகம் வந்து உட்கார்ந்தால் தாவுவதற்குப் புரோட்டான் இல்லை, மூலக்கூறும் இறுகிவிடுகிறது. ஆக, நீங்கள் பார்க்கும் பச்சை ஒளி ஈனியிலிருந்து, அதாவது உலோகத்தோடு இணைந்த ஹைட்ராக்சிகுயினோலினிலிருந்து வருவது. அலுமினியம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அலுமினியம் அயனிக்கு டி-எலக்ட்ரானே கிடையாது. துத்தநாக அயனியில் டி-எலக்ட்ரானுக்கான பத்து இடங்களும் நிரம்பியிருக்கின்றன. தாமிரம்(II) அயனியில் ஒன்பது. ஒன்று இணையில்லாமல் நிற்கிறது. ஈனி வாங்கிய ஆற்றல் டி-ஆர்பிட்டால்களின் தாழ்ந்த நிலைகள் வழியாக ஒளியில்லாமலே வடிந்துவிடுகிறது. உங்கள் பொடி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கிறதா, அதில் தாமிரம் 18 சதவீதத்தை ஒட்டி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் சேர்மம் சரி.

அலுமினியப் பொடி அழுக்குப் பச்சையாகத் தெரிந்தால் இரும்பைச் சந்தேகப்படுங்கள். இரும்பு(III) இதே ஈனியோடு கரும்பச்சைச் சேர்மம் தரும், கொஞ்சம் கலந்தாலும் ஒளியைக் குறைக்கும். அப்புறம், தண்ணீரில் வீழ்படிவாக்கிய துத்தநாகச் சேர்மத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் இருக்கும். எடை போடும்போது மறந்துவிடாதீர்கள்.

சரி, இரிடியம். 1987-இல் கோடாக் ஆய்வகத்தில் டாங்கும் வான்ஸ்லைக்கும், போன் திரையைப் போல, மின்சாரம் செலுத்தி ஒளிரவைத்தது நீங்கள் செய்த இதே அலுமினியச் சேர்மத்தைத்தான். ஆனால் யுவி விளக்கு ஒற்றை நிலையை (இரு எலக்ட்ரான்களின் சுழற்சி எதிரெதிராக இருக்கும் நிலை) மட்டுமே கிளர்த்துகிறது. அதனால்தான் பொடி அவ்வளவு பிரகாசம். மின்சாரம் செலுத்தும்போது எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) தற்செயலாகச் சேர்வதால், நான்கில் மூன்று பங்கு மும்மை நிலையாகிவிடும், அதாவது சுழற்சிகள் இணையாக நிற்கும் நிலை. அலுமினியச் சேர்மத்தில் அந்த மூன்று பங்கும் ஒளி தராமல் போகிறது. இரிடியம் கனமான அணு. அதன் வலுவான சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்பு (எலக்ட்ரானின் சுழற்சிக்கும் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் உள்ள தொடர்பு) மும்மை நிலையையும் சில மைக்ரோ வினாடிகளிலேயே ஒளிர வைக்கிறது. 1998-இல் ஃபாரஸ்ட், தாம்சன் குழுவினர் பிளாட்டினம் சேர்மத்தால் சிவப்பையும், 1999-இல் இரிடியத்தால் பச்சையையும் காட்டினார்கள். நீலத்துக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். அந்த உயரத்தில் உலோக-ஈனிப் பிணைப்பே உடைந்து சேர்மம் சிதைகிறது. போன் திரைகளில் நீலத்துக்கு நெடுங்காலம், ஒற்றை நிலையிலிருந்து ஒளிரும் ஃப்ளோரசன்ட் பொருளே நீடித்தது இதனால்தான்.

வைவாவில் தாமிரத்தைக் கேட்டால், மூன்று பொடிகளையும் யுவி விளக்கின் கீழ் வரிசையாக வைத்து, டி-எலக்ட்ரான் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.